ஓரங்களின் நிறம்

வீட்டு உள் அலங்காரம் செய்கிறவள் என்று தெரிந்ததும் ஜனங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இந்த யோசனையெல்லாம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? இத்தாலி, மொராக்கோ என்று நான் ஏதாவது சொல்வேன் என்ற எதிர்பார்ப்போடு முகத்தை மலர்த்தி வைத்திருப்பார்கள். நான் மாஹிம் என்பேன். அங்கே கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகளின் அடிப்பக்கப் பச்சையைச் சொல்வேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்கள் மரிக்கொழுந்தை எந்தப் பூவுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கச் சொல்வேன். மழைக்கு முன்னால் தாராவிக் கூரைகளில் விரிக்கிற தார்ப்பாயின் நீலம் எந்தப் பெயின்ட் கம்பெனி அட்டையிலும் கிடைக்காது என்பேன். மலர்ந்த முகம் சுருங்கிவிடும். எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

ஆனால் அதெல்லாம் பேச்சுக்கு. என் பிழைப்பு நடந்தது அம்மாவின் கோலியை வைத்துத்தான். கோலி என்றால் தாராவியில் ஒற்றை அறை வீடு. சமையல், படுக்கை, மோரி என்கிற குளிக்கும் மூலை, எல்லாம் அதற்குள் அடக்கம். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு தட்டு. நான் அங்கேதான் படித்தேன், தூங்கினேன். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா கார்கானா என்கிற சின்னப் பட்டறைகளிலிருந்து சட்டைகளை மூட்டையாக வாங்கி வந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களை வெட்டிக் கொடுப்பாள். தாகா கட்டிங் என்று அதற்குப் பெயர். பட்டன் விட்டிருந்தால் தைப்பாள். அவள் ஊசியில் நூல் கோக்கிற வேகத்தைப் பார்த்து, சந்துப் பெண்கள் தங்கள் ஊசிகளையும் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

எங்கள் சந்தில் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் கோலிக்குக் கோலி ஆயில் பெயின்ட் அடிப்பது வழக்கம். அந்த நெடியில் சந்தே தலைவலியோடு பொங்கல் வைக்கும். அதற்கப்புறம் அடுத்த வருஷம் வரை யாரும் பிரஷ்ஷைத் தொடமாட்டார்கள். அம்மா மட்டும் தொடுவாள். பின்பக்கத்துக் கார்கானாவில் பழைய பெயின்ட் டப்பாக்களைச் சுத்தம் செய்து திரும்ப விற்பார்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை ஒரு சிரட்டையில் வழித்து வாங்கி வருவாள். வாசல்படியின் விளிம்பில் மஞ்சளை இழுப்பாள். கொஞ்ச காலம் கழித்து ஏணியின் படிகளுக்கு ஆரஞ்சு. பிறகு அலமாரிப் பலகையின் ஓரத்துக்கு ரத்தச் சிவப்பு. சுவரோ மயில்நீலம். மோரியின் குட்டைத் திட்டுக்கு வெள்ளை. எதன் பக்கத்தில் எது என்ற கணக்கே கிடையாது. அவளுக்குப் பெயின்ட் கிறுக்கு என்று சந்தில் பட்டம் கட்டியிருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு பிரஷ்ஷைக் கழுவுவாள்.

நான் டிசைன் படித்த கல்லூரியில், உங்கள் நகரத்தின் நிறங்களைக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் கடல்மேல் பாலம், கலைக்கூடச் சுவர்கள், பழைய சினிமாக் கொட்டகை என்று படம் எடுத்துவந்தார்கள். நான் அம்மாவின் கோலியை எடுத்தேன். வேறெங்கும் போய்வர எனக்கு நேரமில்லை என்பதுதான் காரணம். ஆசிரியை என் படங்களின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள், இந்த அம்மா விளிம்பைப் பார்க்கிறாள், இது ஓர் ஓவியரின் கண் என்றார். எனக்குக் காது குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, எனக்கு நேரா ஒரு கோலம் போட வராது" என்றாள் அம்மா. தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதுதான் என் கையெழுத்து ஆகிவிட்டது. செம்பூரில் ஒரு சிறிய டிபன் கடைக்கு முதல் வேலை செய்தேன். மேஜை ஓரம், கல்லாப் பலகை, படி, கதவு நிலை என்று எல்லா விளிம்புக்கும் கண்ணைப் பறிக்கிற நிறம், மற்றதெல்லாம் அமைதி. வந்தவர்கள் இட்லியை விட்டுவிட்டு ஓரங்களைப் போட்டோ எடுத்தார்கள். பிறகு தாணேயில் ஒரு டாக்டரின் கிளினிக், நெருளில் இரண்டு ஃபிளாட். ஓர் இதழிலிருந்து ஆட்கள் வந்து, அம்மாவின் கோலியையும் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். அம்மாவை ஏணிப் பக்கத்தில் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் பக்கவாட்டிலிருந்து இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்மா நேராகவே பார்த்தாள். பாவம், கூச்சம் என்று எல்லோரும் சிரித்தோம். நானும் நன்றாகவே சிரித்தேன்.

மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி, அந்த இதழைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. கணவர் போன வருஷம் காலமாகிவிட்டார். வீட்டைப் புதுசாக்கிவிட்டால் மனசு கொஞ்சம் மாறும் என்று பெண் வெளிநாட்டிலிருந்து சொல்லியிருக்கிறாள். நான் அளவெடுக்கப் போனேன். உள்ளே நுழைந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைத் திட்டின் ஓரமெல்லாம் மஞ்சள் டேப். பாத்ரூம் படியில் சிவப்பு டேப். சாப்பாட்டு மேஜையின் நாலு முனையிலும், சுவிட்ச் பலகையைச் சுற்றியும் டேப். என்னைக் காப்பியடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அதையெல்லாம் பாக்காதீங்கோ. அசிங்கமா இருக்கு" என்றார் மாமி. "மொதல்ல அதைத்தான் பிச்சு எடுக்கணும்."

"இது என் வேலையாச்சே மாமி. எனக்கு முன்னாடி யாரு வந்துட்டுப் போனா?"

"யாரு வருவா? நான்தான் ஒட்டினேன். அவருக்குக் கண்ணுல பிரஷர் ஏறிடுத்து, கேட்டேளா. நேரா இருக்கறது நன்னாத் தெரியும். பேப்பர்ல பொடி எழுத்துகூடப் படிச்சுடுவார். ஆனா பக்கத்துல நாற்காலி கெடந்தா தெரியாது, போய் முட்டிப்பார். படி எங்க முடியறதுன்னு தெரியாது. ஓரத்துல பளிச்சுனு ஏதாவது ஒட்டி வைங்கோன்னு டாக்டர் சொன்னார். நேரா பாக்கறவாளுக்கு என்ன கொறைன்னு யாருக்குத் தோணும்? எங்களுக்குத் தெரியறதுக்குள்ள முக்கால்வாசி போயிடுத்து."

அளவு டேப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனையை மாமி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மேஜை முனை. அதே மாதிரி ஒரு முனையைத்தான் போன மாதம் நெருளில் ஒரு ஃபிளாட்டில் செய்து, கைதட்டல் வாங்கியிருந்தேன். அப்புறம் வருகிறேன் மாமி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். மாட்டுங்காவிலிருந்து தாராவி பக்கம்தான். ஆட்டோ பிடிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, நடந்தேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் அவள் பக்கவாட்டில் போய் நின்றேன். என் கையை அவள் காதுக்குப் பக்கத்தில் நீட்டி, விரல்களை ஆட்டினேன். வெட்டிக்கொண்டே இருந்தாள். கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். இன்னும் முன்னால். கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள்.

"ஏட்டி, எப்ப வந்த? ஒரு சத்தங்கூடக் குடுக்கல."

நான் ஏணியைக் காட்டினேன். "யம்மா, அதுக்கு ஏன் பெயின்ட் அடிச்ச?"

"கால் வைக்க எடம் தெரியாண்டாமா?"

"அலமாரிக்கு?"

"நெத்தியில இடிச்சுக்கிட்டே இருந்துது."

"அழகுக்கு அடிக்கலியா?"

"டப்பாவுல கெடந்த மிச்சத்த வச்சு என்னத்த அழகு பாக்க?" என்று சிரித்தாள். "நீதான் அழகு அழகுன்னு போட்டா எடுத்த. நானும் சரின்னு நின்னேன்."

"கண்ணு சரியில்லன்னு ஏம்மா சொல்லல?" கத்திவிட்டேன். பக்கத்துக் கோலிக்காரி எட்டிப் பார்த்தாள்.

அம்மாவுக்கு நான் கத்துவது ஏன் என்று புரியவில்லை. "என்னத்தச் சொல்ல? கண்ணுன்னா முன்னால இருக்கதத்தானே பாக்கும்? எல்லாருக்கும் அப்படித்தான்னு இருந்தேன்."

எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஊர் முழுக்க அலைந்து நிறம் பொறுக்குகிறவள் நான். ரயில் ஜன்னல் கம்பியில் உரிந்த பெயின்ட்டுக்குக் கீழே என்ன நிறம் என்று குனிந்து பார்க்கிறவள். அந்தக் கோபம் யார் மேல் என்று தெரிந்ததும் இன்னும் மோசமாயிற்று.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், மராட்டிப் பெண், பரிசோதனைப் படத்தை மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வட்டம். வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் காசளவு சாம்பல். குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி என்று ஹிந்தியில் விளக்கினாள். போனது போனதுதான், திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம், தேவைப்பட்டால் ஆபரேஷன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இந்தச் சொட்டு மருந்தே போதுமாக இருந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்து, வீட்டில் யாரும் எதையும் கவனிக்கவில்லையா என்று கேட்டாள்.

வெளியே பெஞ்சில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன. கல்லூரிக்காலத்தில் வாசல்படி. பிறகு ஏணி. பிறகு அலமாரி. பிறகு மோரித் திட்டு, அடுப்பு மேடை, கடைசியாகக் கதவுத் தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு பச்சை வளையம். அந்தப் பச்சையை நான் செம்பூரில் ஒரு வரவேற்பறைக்கு எடுத்து அடித்திருந்தேன். எந்த வருஷம் எவ்வளவு பார்வை போயிற்று என்று டாக்டரைவிடத் தெளிவாக என் போனில் இருந்தது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. நேரே சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தாராவியை விட்டு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். கோலிக்குள் அவளுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. இரண்டு எட்டு வைத்தால் அடுப்பு, கையை நீட்டினால் அலமாரி, திரும்பினால் மோரி. ஆனால் சந்துக் கழிப்பறைக்குச் சாக்கடைப் பலகையைத் தாண்டிப் போகவேண்டும். மழையில் ஒருநாள் பலகை எங்கே முடிகிறது என்று தெரியாமல் உள்ளே விழுந்து, முழங்கால் வீங்கிக் கிடந்தாள். அப்போதுதான் வாய் திறந்து கேட்டாள்.

"பாத்ரூமுக்கு மட்டும் நான் யாரையும் கூப்பிடக்கூடாது. அது ஒண்ணுதான். உன் வீட்டுல அப்படி நடக்குமான்னு பாத்துச் சொல்லு."

நடக்கும் என்றேன். செம்பூரில் என் வாடகை ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தேன். ஓர் அறையை அவளுக்கென்று ஒதுக்கி, நான் யாருக்கும் செய்யாத அளவுக்கு வேலை செய்தேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் கறுப்புப் பட்டை. கதவு நிலைகளுக்கு மஞ்சள். வெள்ளைச் சோற்றுக்கு நீலத் தட்டு. எந்த நிறம் அவளுக்கு எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று அட்டைகளைப் பிடித்துப் பிடித்துச் சோதித்தேன். வருகிறவர்கள் எல்லாம், உங்கள் வேலைகளிலேயே இதுதான் உச்சம் என்றார்கள். ஒருத்தர் படம் எடுக்கப் போனார். வேண்டாம் என்று நான் சொன்ன விதத்தில் அவர் அப்புறம் வரவே இல்லை.

மாட்டுங்கா மாமியின் வீட்டையும் முடித்துக் கொடுத்தேன். அந்த டேப்புகளை உரிக்கும்போது ஆளை அனுப்பாமல் நானே போனேன். மாமி கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச காலம் அம்மா என் பட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மருந்தும் விட்டோம், ஆபரேஷனும் ஆயிற்று. ஆனாலும் நடுவில் இருந்த அந்தக் காசளவும் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் நீலத் தட்டு போயிற்று, பிறகு மஞ்சள். ஒருநாள் அட்டையைப் பிடித்து இது என்ன என்று கேட்டேன். அவள் அட்டை இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. அதன் பிறகு நான் அட்டையை எடுக்கவில்லை. அம்மா கட்டிலை விட்டு இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. குடித்தால் என்னைக் கூப்பிடவேண்டியிருக்கும்.

"ஏம்மா இப்படிச் செய்யுத?" என்றேன்.

"எங்கன கைய நீட்டினாலும் காத்துதான் இருக்கு" என்றாள். "இவ்வளவு பெரிய எடத்துல எதப் புடிச்சுக்கிட்டு நடக்க?"

மும்பையில் என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் கேட்பது, இருக்கிற இடத்தைப் பெரிதாகக் காட்டித் தா என்பதுதான். கண்ணாடி வைத்து, வெள்ளை அடித்து, மூலையை மறைத்து அதைத்தான் நான் விற்றேன். அம்மா அறையைச் சின்னதாக்கச் சொன்னாள். என்னோடு பல வருஷம் வேலை பார்த்த கார்பென்டரைக் கூப்பிட்டு, அறைக்குக் குறுக்கே ப்ளைவுட் தடுப்பு போடச் சொன்னேன். ஒருபக்கம் சுவர், ஒருபக்கம் தடுப்பு, நடுவில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஓர் ஆள் நடக்கிற அகலம். மேடம், இது வீடா ரயில்பெட்டியா என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தான்.

அம்மா எழுந்து இரண்டு கையையும் விரித்தாள். இரண்டும் தட்டின. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வலது கையைச் சுவரில் ஓட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பாதிவழியில் நின்றுவிட்டாள். கை அந்தரத்தில் துழாவியது.

"இங்கன ஒரு பள்ளம் இருக்கு. கை உள்ள வுழுது. அதுக்கப்புறம் சுவரு எங்க போச்சுன்னு தெரியல."

"அது பள்ளம் இல்லம்மா. ஜன்னல்."

"எதுவாவது இருந்துட்டுப் போவுது. அத அடைச்சுரு."

அந்த அறைக்கு இருந்தது அந்த ஒரு ஜன்னல்தான். அதன் வழியாகக் குல்மோஹர் மரம் தெரியும். சாயங்கால வெயில் அதில் பட்டு, எதிர்ச்சுவரில் ஒரு நிறம் விழும். அந்த ஃபிளாட்டை நான் வாடகைக்கு எடுத்ததே அதற்காகத்தான். அடைத்தால் வெளிச்சம் வராதும்மா என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். கார்பென்டர் என்னைப் பார்த்தான். அடி என்றேன்.

ஜன்னல் குழியை மூடி, சுவரோடு சமமாகப் பலகையை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினான். கடைசி மூலை மூடியதும் அறை இருண்டுபோனது. நான் சுவிட்ச் எங்கே என்று தடவிக்கொண்டு நின்றேன். அந்த இருட்டில், பலகைமேல் அம்மாவின் உள்ளங்கை உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. எங்கும் நிற்காமல் போனது. பாத்ரூம் கதவு திறந்து, சாத்திக்கொண்டது.